திங்கட்கிழமை வரும் நோய்

வாரத்தின் நாட்களை அறிந்து வரும் நோய் ஒன்று உண்டு என்றால் நம்ப முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை அது எட்டியும் பார்க்காது. திங்கட்கிழமை தவறாது வரும். செவ்வாய், புதன் என்று நாட்கள் செல்லச் செல்ல மெல்ல விலகிவிடும். அடுத்த திங்கள் பிறந்ததும் மறுபடி வந்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் சில பிள்ளைகளுக்கு வருகின்ற வயிற்றுவலியைத்தான் கூறுகின்றேன் என்று மாணவ வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அந்த வலிக்கு மருந்து இன்னதென்று பெற்றோர் அறிவர். இது பஞ்சாலைத் தொழிலாளரின் சுவாசப்பையைப் பற்றும் நோய். அதன் காரணத்தைத் தேடி அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தனர்.

இந்நோயின் கதை இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் பகுதியில் விரிவாகத் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்திற்கெல்லாம் துணி நெய்து அனுப்பிய இடம் அது. ஆனால் அங்கே ஒரு பருத்திச் செடியும் விளைவதில்லை. அமெரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பஞ்சு இறுகக் கட்டிய பொதிகளாகக் கப்பலேறி வரும். பொதியை உடைத்து, கட்டிகளை உதிர்த்து, அடித்துத் தட்டிய பின்னர், பஞ்சைப் பன்னும் இயந்திரத்திலே செலுத்துவர். எண்ணிறந்த நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் அதிலே சுழன்று, தாறுமாறாகக் கிடக்கும் இழைகளை ஒரே திசையில் சீவி நிறுத்தும். தாய் தன் மகளின் கூந்தலைச் சிக்கெடுத்துச் சீவுவது போன்ற வேலைதான். ஆயினும் சீப்பிலே அகப்படுவது ஒருபிடி மயிர். இங்கே அறை முழுவதும் தூசு. கம்பிப் பற்களில் சிக்கும் கழிவை அகற்றவும், பற்களைத் தீட்டவும் தனித் தொழிலாளர் இருந்தனர். நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது அவர்களையே. நூற்கும் பகுதியில் நோய் குறைவு. நெசவுப் பகுதியில் அதனினும் குறைவு.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதற் சில நாட்கள் குளிரும் காய்ச்சலும் வரும். ஆலைக் காய்ச்சல் என்று பெயர் சூட்டி, பழகினாற் போய்விடும் என்று மூத்த தொழிலாளர் தேற்றுவர். அது போய்விடுவதும் உண்மை. பின்பு பல ஆண்டுகள் ஒன்றும் தோன்றாது. அதற்கப்பால் ஒரு திங்கட்கிழமை, வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில், மார்பைக் கயிற்றினால் இறுக்கியது போன்ற உணர்ச்சி வரும். மூச்சு முட்டும், இருமல் எழும். மறுநாள் சுகமாயிருக்கும். ஆண்டுகள் சென்றபின் செவ்வாயும் திங்களைப் போலாகும். பின்னர் வாரம் முழுவதும் அப்படியே. இறுதியில் ஆலையை விட்டு விலகி வீட்டிலிருந்தாலும் மாடிப்படி ஏற முடியாத நிலை உண்டாகும்.

1700-இல் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தாம் எழுதிய நூலிலே, சணல் நார் சீவுவோரின் இருமலைக் குறித்திருந்தார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளோடு ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்பதையும் சேர்த்தவர் அவரே. மான்செஸ்டரில் ஏழைகளிடையே பணி செய்த ஜேம்ஸ் கே என்ற வைத்தியர் 1831-இல் பஞ்சாலைத் தொழிலாளரின் மார்பு நோயை விவரித்தார். 1877-இல் அட்ரியன் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதற்குப் ‘பிஸினோசிஸ்’ என்று பெயரிட்டார். மெல்லிய துகிலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தந்தையார் இவர். அந்த மகனும் வாழ்நாளெல்லாம் ஆஸ்துமாவினால் வருந்தியவர் என்பது வேறு கதை.

பெயர் கிடைத்தது, நீதி எளிதிற் கிடைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளரின் சுவாசப்பையிலே கல்தூசு படிந்தால், எக்ஸ்ரே படம் அதனைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சுத்தூசு அத்தகைய சுவடு எதனையும் விட்டுச் செல்வதில்லை. முற்றிய நிலையில் இந்நோய் சாதாரண நாட்பட்ட மார்புச்சளி போலவே இருக்கும். தொழிலாளி புகைபிடிப்பவனாயின் பழியைச் சுருட்டின்மீது போட்டுவிடலாம். புகை இந்நோயை மோசமாக்கும் என்பது மெய்தான். ஆனால் புகை பிடியாதவருக்கும் நோய் வந்ததே! பிரிட்டனில் 1941-இல் நட்டஈட்டுத் திட்டம் ஒன்று வந்தபோது, பஞ்சாலையில் 20 ஆண்டு உழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பத்தொன்பது ஆண்டில் மூச்சு நின்றவன் யாரிடம் முறையிடுவது?

இந்நோய் ஒழிந்துபோயிற்று என்று பலரும் நம்பிய 1950களிலே, றிச்சாட் ஷில்லிங் என்ற வைத்தியர் லங்காஷயர் ஆலைகளுக்கு நேரிற் சென்றார். அவர் கையிலிருந்த முதன்மையான கருவி ஒரு கேள்வி. ‘உங்கள் நெஞ்சு இறுகுவதுண்டா? எந்த நாளில்?’ பஞ்சு பன்னும் அறைகளின் ஆண் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் திங்கட்கிழமையைச் சுட்டினர். திங்கட்கிழமை மட்டும் இறுகுவது, மற்ற நாட்களிலும் இறுகுவது, நிரந்தரமாக மூச்சுக் குன்றுவது என்று அவர் வகுத்த படிகளை உலகெங்கும் வைத்தியர் ஏற்றுக்கொண்டனர். எக்ஸ்ரே காட்டாததைத் தொழிலாளியின் வாய்மொழி காட்டிற்று.

தூசின் உள்ளே இருந்த குற்றவாளி

ஆனால் தூசில் உள்ள எப்பொருள் இதனைச் செய்கிறது? பஞ்சின் இழை பெரும்பாலும் செலுலோசு. அது நஞ்சன்று. வெளுத்துச் சுத்திகரித்த பஞ்சைக் கையாள்வோருக்கு இந்நோய் வருவதில்லை. ஆகவே இழையோடு கூடிவரும் வேறேதோ ஒன்றுதான் காரணமாயிருக்க வேண்டும்.

ஒரு துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்க அரசு தன் கையில் மிஞ்சிய பஞ்சைக் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்து, மெத்தை தைத்துக்கொள்ளச் செய்தது. கறைபடிந்த மட்டமான பஞ்சைக் கையாண்டவர்கள் சில மணி நேரத்திலே தலைவலியும் குளிர்காய்ச்சலும் கண்டு படுத்தனர். இவர்கள் ஆலையையே காணாதவர்கள். 1942-இல் வெளியான ஆராய்ச்சி, அப்பஞ்சிலே மலிந்திருந்த ஒருவகைப் பற்றீரியாவின் மேல் குற்றத்தைச் சுமத்தியது.

பருத்திக் காயைச் சுற்றிப் பசிய செதிலிலைகள் நிற்கும். காய் வெடிக்கும் பருவத்திலே அவை உலர்ந்து நொறுங்கிப் பஞ்சோடு கலந்துவிடும். அவற்றின் மேல் வாழ்கின்ற பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை, டென்மார்க் அறிஞர் கிராம் 1884-இல் கண்ட சாயமூட்டும் முறையிலே ஊதா நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாத இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்தின் புறச்சுவரிலே கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு பொருள் உண்டு. 1892-இல் ஜெர்மன் அறிஞர் றிச்சாட் பைஃபர் அதற்கு ‘அகநச்சு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். நச்சு உள்ளே அன்று, சுவரில் இருக்கிறது என்பது பின்னரே தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த நச்சுக்குப் பற்றீரியா உயிரோடிருக்க வேண்டிய தேவையில்லை. பொதிக்குள்ளே அது உலர்ந்து செத்துப் பல மாதம் ஆயினும் சுவர்த்துணுக்குகள் தூசோடு பறக்கும். கொதிநீரின் வெப்பமும் அதனை எளிதில் அழிப்பதில்லை. சுவாசப்பையிற் காவல் புரியும் வெண்கலங்கள், பகைவன் புகுந்துவிட்டான் என்று எண்ணி அபாயச் சங்கு ஊதும். கூட்டங் கூட்டமாக வேறு கலங்கள் வந்து குவியும். சுவாசக் குழாயின் உட்சுவர் வீங்கும்; குழாய் ஒடுங்கும். படையெடுத்து வந்தவனோ வெறும் பிணத்தின் சட்டை!

திங்கட்கிழமையின் மர்மமும் இவ்விடத்தில் ஒருவாறு விளங்குகிறது. அகநச்சு நாள்தோறும் தாக்கினால், காவற் கலங்கள் பழகிப்போய்ச் சற்று மந்தமாகின்றன. வார இறுதியின் ஓய்விலே பழைய கூர்மை திரும்புகிறது. திங்களன்று தூசு புகுந்ததும் முழுவேகத்தோடு எதிர்க்கின்றன. பழகிவிட்டது என்று தொழிலாளி மகிழும் நாட்களிலும் உள்ளே சேதம் நடந்துகொண்டேயிருக்கும்.

இதனை அளப்பதற்கு உதவியது ஒரு கடற்பிராணி. குதிரை லாடம் போன்ற ஓட்டினையுடைய அதன் நீல இரத்தம், அகநச்சு சிறிதளவு பட்டாலும் உறைந்துவிடும். 1964-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லெவின், பாங் என்ற இருவர் இதனை விளக்கினர். அந்தச் சோதனையைக் கொண்டு 1987-இல் காஸ்டெலன் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி மாணவர் ஊன்றிப் பார்க்கத் தக்கது. பரிசோதனைக்கெனச் சமைத்த பன்னும் அறையிலே, ஆரோக்கியமுள்ள தொண்டர்களை இருத்தி, பல்வேறு வகைப் பஞ்சின் தூசைச் சுவாசிக்கச் செய்தனர். ஒரு விநாடியில் பலமாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவை முன்னும் பின்னும் குறித்தனர். அந்த அளவின் வீழ்ச்சி தூசின் நிறையோடு ஒத்துப்போகவில்லை. அகநச்சின் அளவோடு ஒத்துப்போயிற்று.

ஷாங்காய் நகரத்தில் 1981 முதல் ஹார்வார்ட் பேராசிரியர் டேவிட் கிறிஸ்டியானியும் சீன அறிஞரும் பஞ்சாலைத் தொழிலாளரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒப்பிடுவதற்கு அவர்கள் பட்டாலைத் தொழிலாளரைத் தெரிந்தெடுத்தமை கூர்மையான யோசனை. நகரமும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றே. பட்டுத்தூசில் மட்டும் அகநச்சு மிகச் சொற்பம். ஆண்டுதோறும் பஞ்சாலைக்காரரே அதிகமாக மூச்சுவலுவை இழந்தனர். ஓய்வு பெற்றபின் அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது, முழுவதும் வரவில்லை.

அகநச்சு ஒன்றே முழுக் காரணம் என்று எல்லாரும் ஒப்புவதில்லை. பூஞ்சணப் பொருள்களுக்கும் செடியின் பிற சத்துக்களுக்கும் பங்கு இருக்கலாம் என்போர் உளர். அறிஞர் வாதிடுவது முறையே. ஆனால் காரணம் தீர்மானமாகாததை ஆலை முதலாளிகள் கேடயமாகப் பிடித்ததை மன்னிக்க என்னால் இயலாது. அமெரிக்காவிலே 1969-இல் ஆலைத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்று, இது பணத்தாசை பிடித்த வைத்தியரின் கற்பனை என்றே எழுதிற்று. கரோலினா மாநிலங்களின் மூச்சிழந்த தொழிலாளர் 1975-இல் சங்கம் அமைத்தனர். 1978-இல் அரசு விதி பிறந்தது: நூல் செய்யும் பகுதியில் 1 கன மீற்றர் காற்றிலே 200 மைக்கிரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசு இருத்தலாகாது. முதலாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். 1981-இல் தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலத்தை இலாப நட்டக் கணக்கோடு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் கோரவில்லை என நீதிமன்றம் கூறிவிட்டது. ஆலைகள் புதிய இயந்திரங்களையும் தூசு உறிஞ்சும் குழாய்களையும் பொருத்தின. நோயும் வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் 1978 முதல் கட்டுநாயக்க முதலிய இடங்களில் ஆடை தைக்கின்றனர். அவர்கள் கையாள்வது பெரும்பாலும் கழுவி வெளுத்து நெய்து முடிந்த துணி. ஆதலால் இந்நோய்க்கு அங்கே இடம் குறைவு. அவர்களுடைய துன்பங்கள் வேறு. பொதி உடைத்துப் பன்னும் வேலை நடக்கும் இந்தியா, பாகிஸ்தான், எதியோப்பியா முதலிய நாடுகளிலோ ஆராய்ச்சியாளர் இன்னும் இந்நோயைக் காண்கின்றனர்.

பன்னுவதற்கு முன்னரே பஞ்சை நன்றாகக் கழுவினால் அகநச்சின் பெரும்பகுதி போய்விடும். முறைப்படி கழுவிய பஞ்சைக் கையாளும் அமெரிக்க ஆலைகளுக்குத் தூசு விதியிலே சலுகையும் உண்டு. ஆனால் கழுவிய இழை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நூற்பது கடினம், செலவும் கூடும். ஆகையால் பெரும்பாலான ஆலைகள் கழுவாமலே பன்னுகின்றன. அங்கே தூசு உறிஞ்சும் குழாயோடு, திங்கட்கிழமை வேலைக்கு முன்னும் பின்னும் தொழிலாளி ஊதிக் காட்டும் சிறு கருவியும், ஷில்லிங் கேட்ட அந்தக் கேள்வியுமே காவல்.