எந்த சர்வரில் நிற்கிறீர்கள்?

லினக்ஸ் படித்துவிட்டேன், சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் தேர்விலும் தேறிவிட்டேன், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் இளைஞர்களுக்கு நான் ஒரு விபத்து அறிக்கையைத்தான் படிக்கக் கொடுப்பேன். 2017-இல் கிட்லேப் நிறுவனம் தானே எழுதி, உலகம் முழுக்கப் படிக்கும்படி வெளியிட்ட அறிக்கை அது. யூனிக்ஸ் நிர்வாகம் எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

கிட்லேப், மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் தளம். 2017 ஜனவரி 31 அன்று இரவு அதன் தரவுத்தளத்தில் சுமை எக்கச்சக்கமாக ஏறியது. தரவுத்தளம் முதன்மை சர்வர் ஒன்றிலும், அதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுக்கும் இரண்டாவது சர்வரிலும் இருந்தது. சுமை தாங்காமல் இரண்டாவது சர்வர் பின்தங்கி, ஒரு கட்டத்தில் பிரதி எடுப்பதையே நிறுத்திவிட்டது. அதைச் சரிசெய்ய அங்கே இருக்கும் பழைய தரவை அழித்துவிட்டு முதலிலிருந்து பிரதி எடுக்க வேண்டும். பணி நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்த ஒரு பொறியாளர் பலமுறை முயன்று பார்த்துவிட்டு, தரவு இருந்த கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் அவருக்கு உறைத்தது: தான் நிற்பது இரண்டாவது சர்வரில் அல்ல, முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி.

இது எப்படி நடக்கும் என்று வெளியாட்கள் கேட்கலாம். டெர்மினல் முன்னால் உட்கார்ந்து பழகியவர்கள் கேட்க மாட்டார்கள். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருக்கும். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே வண்ணம். கிட்லேப்பில் சர்வரின் பெயர் ஒன்றில் 'டிபி1' என்று தொடங்கும், மற்றொன்றில் 'டிபி2' என்று தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு மேல், ஆறேழு மணி நேரமாகத் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அந்த 1-க்கும் 2-க்கும் இடையில் எவ்வளவு தூரம்?

அறிக்கையின் கனமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. சரி, பேக்கப்பிலிருந்து மீட்டுவிடலாம் என்று போனால் பேக்கப் இல்லை. நாள்தோறும் ஓட வேண்டிய பேக்கப் நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதும் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்துவைத்த ஒரு பிரதி. சோதனை சர்வரிலிருந்து அதை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. அந்த ஆறு மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்கள், அதே அளவு கருத்துகள், 700 பயனர் கணக்குகள் திரும்பி வரவே இல்லை.

மீட்புப் பணி முழுவதையும் அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. அவரைக் குற்றவாளி ஆக்காமல், பேக்கப் தோற்றது ஏன் தெரியாமல் போனது, மீட்டுப் பார்க்கும் பொறுப்பு ஏன் யாரிடமும் இல்லை என்று வரிசையாகத் தோண்டிக்கொண்டே போகிறார்கள். இந்தத் தொழிலின் மீது எனக்கு இருக்கும் மரியாதை பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. தவறு செய்தவரை வேலையைவிட்டு அனுப்புகிற இடத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு சர்வருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

யூனிக்ஸின் பிறப்பிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதைத் தொடங்கியபோது, பயன்படுத்தப் போகிறவர்கள் தங்களைப் போன்ற விஷயம் தெரிந்தவர்கள் என்றுதான் எண்ணினார்கள். அதனால் யூனிக்ஸ் பயனரை நம்பும். 'ரூட்' என்ற முழு அதிகாரக் கணக்கில் நுழைந்தவர் அழி என்றால் அழிக்கும். நிஜமாகவா என்று கேட்காது, குப்பைத் தொட்டியில் போட்டுவைக்காது. லினக்ஸும் அந்த வழியில் வந்ததுதான். இன்று உலகின் பெரும்பாலான இணைய சர்வர்கள் ஓடுவது அதில்தான்.

நெட்வொர்க் பக்கம் வந்தால் ஆபத்தின் முகம் மாறும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரில் இருக்கும் ரூட்டரைச் சரிசெய்கிறீர்கள். ஒரு வரி பிசகினால், நீங்கள் உள்ளே போன பாதையே அறுந்துவிடும். தவறைத் திருத்தவும் அதே பாதைதான் வேண்டும். பழைய கைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிஸ்கோ ரூட்டரில் மாற்றம் செய்யுமுன் 'ரீலோட் இன் 10' என்று தட்டுவார்கள். பத்து நிமிடத்தில் நீயாகவே மறுபடி தொடங்கிக்கொள் என்று பொருள். புதிய மாற்றத்தைச் சேமிக்காமல் சோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள். இணைப்பு அறுந்தால், பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தால் போதும், ரூட்டர் பழைய அமைப்போடு எழுந்து வரும். ஜூனிபர் நிறுவனத்தின் கருவிகளில் இதை இன்னும் நேர்த்தியாகவே செய்திருக்கிறார்கள்: உறுதிப்படுத்தாவிட்டால் மாற்றம் தானாகப் பின்வாங்கிவிடும்.

இந்தப் பாதுகாப்பு பெரிய அளவில் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 இரவு நாம் எல்லோரும் பார்த்தோம். நம் நேரப்படி ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிறகு வாட்ஸப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஒரேயடியாக நின்றன. ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில், கொள்ளளவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கொடுத்த ஒரு பராமரிப்புக் கட்டளை எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை நிரலிலேயே ஒரு பிழை. பெயரை முகவரியாக மாற்றித் தரும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையத்தைத் தொட முடியவில்லை என்றதும், வடிவமைக்கப்பட்டபடியே 'எங்களிடம் வராதீர்கள்' என்று இணையத்துக்கு அறிவித்து விலகிக்கொண்டன. அந்த சர்வர்கள் பழுதாகவில்லை; அவற்றுக்குப் போகும் வழி மட்டும் உலக வரைபடத்திலிருந்து காணாமல் போயிருந்தது. பொறியாளர்கள் வழக்கமாக நுழையும் வழியும் அதோடு போனது. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடங்களின் காவல் பலமானது, உள்ளே போவதற்கே நேரமானது. மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

இதையெல்லாம் படித்துப் பயந்துபோய் இந்தப் பக்கமே வேண்டாம் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. வேலை பெரும்பாலும் அமைதியானது. தொடக்கம் அநேகமாக ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில், முதல்நிலை ஷிஃப்டில் இருக்கும். பழுது பற்றிய டிக்கெட் வரும். இணைப்பைச் சோதிக்கும் பிங் போகிறதா, பாதையைக் காட்டும் ட்ரேஸ்ரூட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து மேலே அனுப்ப வேண்டும். முதல் வருடம் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சலிப்பில்தான் நோய்க்குறி பிடிபடும். இணைப்பு சுத்தமாகச் செத்துவிட்டதா, செத்துச் செத்துப் பிழைக்கிறதா, சின்ன பாக்கெட் போய்ப் பெரிய பாக்கெட் மட்டும் சிக்குகிறதா என்று வகை பிரிக்கத் தெரிந்தவர் அதற்குப் பிறகு எங்கேயும் பிழைத்துக்கொள்வார். இரவு ஷிஃப்ட் உடம்பைத் தின்னும் என்பதும் உண்மை. அழைத்தால் உடனே வர வேண்டிய ஆன்-கால் முறையை நேர்மையாகப் பங்கிட்டுத் தராத நிறுவனத்தில், அது எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், நெடுநாள் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சான்றிதழ் வேண்டுமா என்றால், வேலைக் கதவைத் திறக்க உதவும். சான்றிதழ்களில் எனக்கு மதிப்பு ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் தேர்வின் மீது. அதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. கையில் ஓர் இயந்திரத்தைக் கொடுத்து, இதைச் சரிசெய் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான் பழக வேண்டும். பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதற்குள் இரண்டு மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டலாம். வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதே இல்லை.

இந்தத் தொழிலை ஒரு பாடமாக எழுதிவைத்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் எவி நெமத். கொலராடோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், கணிதம் படித்தவர். 1989-இல் கார்த் ஸ்னைடர், ஸ்காட் சீபாஸ் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு, பதிப்பு மேல் பதிப்பாக வந்து இன்றும் அட்மின்களின் மேசையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பின் படகோட்டியாகக் கடலில் வாழ்ந்தார். 2013-இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட 'நீனா' என்ற பாய்மரக் கப்பலோடு, அதில் இருந்த ஏழு பேரில் ஒருவராக, டாஸ்மன் கடலில் காணாமல் போனார். எந்த அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் அவர் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற ஒருவராவது இருப்பார்.

கிளவுட் வந்துவிட்டதே, இனி அட்மின் எதற்கு என்ற கேள்வியைப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். பதவிப் பெயர் மாறியிருக்கிறது: டெவ்ஆப்ஸ், எஸ்ஆர்இ என்கிறார்கள். ஆன்சிபிள் போன்ற கருவிகளால் ஒரே கட்டளை ஆயிரம் சர்வர்களில் ஒரே நேரத்தில் பாய்கிறது. அன்று ஒரு சர்வரில் நடந்த தவறு இன்று ஆயிரத்தில் நடக்கும். ஆகவே என்டர் தட்டுமுன் நிதானிக்கிற ஆளின் தேவை கூடித்தான் இருக்கிறது.

நீண்ட நாள் வேலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். யூனிக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய அமைப்புகளில் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி தாண்டியதும் இடம் தீர்ந்து, கடிகாரம் 1901-க்குத் தாவிவிடும். புதிய லினக்ஸில் இதற்கு வழி செய்துவிட்டார்கள். ஆனால் ஆலைகளிலும் கட்டடங்களிலும் சாலையோரப் பெட்டிகளிலும் ஒருமுறை பொருத்திவிட்டு மறக்கப்பட்ட சின்னச் சின்னக் கருவிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பட்டியலிட்டு, சோதித்து, மாற்ற வேண்டும். இன்று கல்லூரியில் இருப்பவர்கள் அப்போது பணியில் நன்றாக ஊன்றியிருப்பார்கள்.