பனியனில் ஓட்டை போடும் துரு

சாயம் ஏறி வந்த துணியில் கடுகளவு ஓட்டை. திருப்பூரில் இதற்கு முதலில் மாட்டுபவர் நிட்டிங்காரர்தான். ஊசி உடைந்திருந்தால் துணி நெடுக ஒரே வரிசையில் கோடு விழும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, விளிம்பு நைந்த ஓட்டை என்றால் பிளீச்சிங் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் காஸ்டிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் 95 டிகிரியை ஒட்டிய சூட்டில் துணியை வெளுக்கின்றன. பெராக்சைடு நிதானமாகச் சிதைந்தால்தான் வெண்மை கிடைக்கும். துணியில் ஒரு துருத்துகள் ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு சடசடவெனச் சிதைந்துவிடும். இரும்பு இங்கே வினையூக்கி. தான் தீராமலே செல்லுலோஸை அறுத்துக்கொண்டிருக்கும். பல நேரம் ஓட்டை அப்போது தெரியாது. சாயம் ஏறி, காம்பாக்டிங்கில் இழுபடும்போதுதான் வாய் பிளக்கும். அதற்குள் நூல் விலை, கூலி, சாயச் செலவு எல்லாம் துணியில் ஏறியிருக்கும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டு மீண்டும் திறந்த சாயப்பட்டறைகளில், ஆர்.ஓ.வில் சுத்திகரித்த தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடுகிறது. தண்ணீர் சுத்தம்தான். பழைய குழாயும் துருப்பிடித்த டிராலியும்?

பெட்ரோலிய ஆலைகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு, தலைகீழாக. சென்னை மணலியில் இருப்பதுபோன்ற எஃப்.சி.சி. யூனிட்டுகளில் கனமான எண்ணெயை உடைப்பது ஜியோலைட் வினையூக்கி. எண்ணெயோடு வரும் வனேடியம், நீராவியும் சூடும் சேர்ந்த இடத்தில் ஜியோலைட்டின் கட்டமைப்பையே சிதைத்துவிடும். வனேடியத்துக்குப் பொறியாக செபியோலைட் போன்ற மக்னீசியக் களிமண்ணைத் துகள்களாக்கிக் கூடவே சுற்றவிடுகிறார்கள். வினையூக்கியைத் தொடுமுன் வனேடியத்தை அது பிடித்துக்கொள்ளும். எண்ணெயிலுள்ள கந்தகம் போட்டிக்கு வந்து அந்த மக்னீசியத்தைத் தின்றுவிடுவதும் உண்டு.

நம் பிளீச்சிங்கிலும் பழைய காவலாளி ஏறக்குறைய அதே கூட்டணிதான்: சோடியம் சிலிகேட்டும் மக்னீசியமும் கூழாகி இரும்பை மடக்கும். ஆனால் மெஷினில் படியும், துணி சொரசொரக்கும். அதனால் பலரும் இரும்பைக் கட்டிப்போடும் செக்வெஸ்ட்ரிங் ஏஜென்டுக்கு மாறிவிட்டார்கள். ரேட்டைக் குறைத்து ஜாப் ஒர்க் எடுத்தவர் முதலில் கைவைப்பது இந்த ரசாயனத்தில்தான் என்பது என் சந்தேகம்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளீச்சிங்குக்கு முன்பே கிரே துணியில் சந்தேகப்படும் கறைமீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் பூத்தால் இரும்பு. நிட்டிங்காரருக்கு டெபிட் நோட் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.