கொங்கிறீற்றின் வலிமையை முன்னறிதல்

சீமெந்து, மணல், கல், நீர் என்பன சேர்ந்து இறுகியதே கொங்கிறீற்று. அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அறிய, பொறியியலாளர் அதே கலவையிற் சிறு கட்டிகளை வார்த்து, ஈரங்காயாது வைத்திருந்து, 28ஆம் நாளில் இயந்திரத்திலிட்டு நெரித்து உடைக்கின்றனர். ஆனால், கட்டட வேலை அந்நாள்வரை காத்திருப்பதில்லை. கட்டி உடைந்து விடை தரும்பொழுது, தூணின்மேல் அடுத்த மாடியே எழுந்துவிடக்கூடும். வலிமை போதாதெனின், இடிப்பது பெருநட்டம்; இடியாது விடுவது உயிராபத்து.

ஆகவே, விடையை முன்னரே அறியும் முயற்சி நெடுங்காலமாக நடந்து வருகின்றது. சீமெந்தின் அளவுக்கு நீரின் விகிதம் கூடக்கூட வலிமை குறையும் என்னும் விதியை 1918இல் ஐக்கிய அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பார் வெளியிட்டார். அவ்விதி இன்றும் பயன்படுகின்றது. எனினும், இக்காலக் கலவைகளில் நிலக்கரிச் சாம்பல், இரும்பு உருக்கும் உலையின் கசடு, கலவையை இளகச் செய்யும் இரசாயனம் என்பனவும் சேர்கின்றன. ஒன்றின் பயனை மற்றொன்று மாற்றுவதால், அனைத்தையும் ஒரு சூத்திரத்துள் அடக்குதல் அரிதாயிற்று.

இவ்விடத்திலேதான் செயற்கை நரம்பு வலையமைப்பு என்னும் கணினிமுறை துணைபுரிகின்றது. தாய்வான் அறிஞர் ஐ-செங் யே இதுபற்றிய ஆய்வினை 1998இல் வெளியிட்டார். அவர் ஆய்வாளர்க்கு வழங்கிய தொகுதியில் 1030 சோதனைப் பதிவுகள் உள. ஏழு சேர்பொருள்களின் அளவும் கொங்கிறீற்றின் வயதும் கணினிக்குக் கொடுக்கப்படும். அது அவற்றை வெவ்வேறு எண்களாற் பெருக்கிக் கூட்டி, வலிமையை ஊகிக்கும். ஊகத்தை உண்மை விடையோடு ஒப்பிட்டு, பிழை குறையுமாறு அவ்வெண்களைச் சிறிது திருத்தும். இவ்வாறு பன்முறை பயின்றபின், அது முன்னர்க் காணாத சோதனைகளைக் கொடுத்து அதன் திறமை பரீட்சிக்கப்படும்.

ஆயினும், இம்முறை பயின்ற எல்லைக்குள்ளேயே நம்பத்தக்கது. அப்பதிவுகளிற் கொங்கிறீற்றின் வயது ஒரு நாள் முதல் 365 நாட்கள் வரையே. பத்தாண்டு வலிமையைக் கேட்டாலும் கணினி ஓர் எண்ணைத் தரும். அதற்குச் சான்று இராது. வேலைத்தளத்திற் கலவை இளகட்டும் என்று ஒருவர் மேலதிகமாக ஊற்றிய ஒரு வாளி நீரையும் அது அறியாது. நல்ல கலவையை விரைவில் தெரிவதற்கும், குறையை வேளையோடு ஐயுறுவதற்கும் அது உதவும். தூணை ஏற்பதா இடிப்பதா என்ற தீர்ப்பை மட்டும் உடைபட்ட கட்டியிடமே கேட்டல் வேண்டும்.