கீசருக்குள் சுண்ணாம்புக்கல்

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க வருகிறவர் பையிலிருந்து முதலில் எடுப்பது விலைப்பட்டியலை அல்ல, நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டதும் வேடிக்கை ஆரம்பம். குழாய்த் தண்ணீர் லேசாக மஞ்சளிக்கும், பிறகு பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கசடு கட்டும். ஆர்.ஓ. தண்ணீர் அசையாமல் தெளிவாக நிற்கும். "இதைத்தாம்மா இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்துட்டு இருக்கீங்க" என்பார். அதற்குமேல் அந்த வீட்டில் யார் என்ன பேச முடியும்?

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியிலிருந்து வந்தது. ஒவ்வொரு டம்ளரிலும் இறங்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, தண்ணீரோடு சேர்ந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. பச்சையும் பழுப்பும் அதன் நிறங்கள். மின்சாரம் பாய வேண்டுமென்றால் தண்ணீரில் கரைந்த உப்புகள் வேண்டும். குழாய்த் தண்ணீரில் அவை உண்டு, ஆர்.ஓ. தண்ணீரில் அநேகமாக இல்லை. அதனால் அங்கே கம்பி கரையவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது வந்தால், அவர் கொண்டுவந்த தண்ணீர் இருக்கும் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் கசடு கட்டும். அவருக்கு அவசரமாக வேறு வீட்டுக்குப் போகவேண்டிய வேலை வந்துவிடும்.

பேனா வடிவத்தில் இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் இதே சங்கதியின் நாகரிகமான வடிவம்தான். தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைபொருள்' என்று காட்டுகிறது. கரைந்திருப்பது சுண்ணாம்பா, சமையல் உப்பா, வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது. டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி சர்க்கரையைக் கலக்கினாலும் எண் மாறாது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. காலரா கிருமியும் அதன் கண்ணில் படாது. சாக்கடை கலந்த மெட்ரோ தண்ணீர் 200 காட்டலாம். குடித்தால் ஒன்றும் செய்யாத கிணற்றுத் தண்ணீர் 700 காட்டலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடினத்தன்மைக்கும் அப்படியே இரண்டு எல்லை: 200, 600. உலக சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவே இல்லை.

"போர் தண்ணி குடிச்சா கிட்னியில கல்லு வரும்" என்பது நம் ஊரில் டாக்டரைக் கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் என்பதால் இது நியாயமாகவும் படுகிறது. ஆனால் உணவோடு வயிற்றுக்குள் போகும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வைத்து வெளியேற்றிவிடும். அதனால்தான் கல் வந்தவர்களைக்கூட பால், தயிரை அடியோடு நிறுத்த வேண்டாம் என்கிறார்கள். கல்லுக்கு வழிவிடும் முக்கியமான காரணம், வெயிலில் வேர்த்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

நாம் பயப்படுவதெல்லாம் குடிக்கிற டம்ளரைப் பார்த்து. போர் தண்ணீர் உண்மையில் கைவரிசை காட்டுவது பாத்ரூமில், அதுவும் யாரும் திறந்தே பார்க்காத கீசருக்குள்.

மழைத்தண்ணீர் விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயு இன்னும் சேர்கிறது. இந்த மெல்லிய அமிலம் பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியத்தைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகக் கொண்டுபோகிறது. நம் மோட்டார் அதை மேலே இழுத்து டேங்கில் கொட்டுகிறது. கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, கரைந்தது மறுபடி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக, படிந்துவிடும். அரக்குப் பள்ளத்தாக்கின் போரா குகைகளில் விழுதுவிழுதாகத் தொங்கும் கல்லும் இந்த வேதிவினையில் வந்ததுதான். அங்கே வாயு தானாக வெளியேற ஆயிரக்கணக்கான ஆண்டுகள், இங்கே இரண்டு கிலோவாட் காயில்.

இன்னொரு விநோதம் உண்டு. சர்க்கரையும் உப்பும் சுடுதண்ணீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் சுடுதண்ணீரில் குறைவாகக் கரையும். எனவே எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். கீசரில் அது காயில். ஒரு குடும்பம் நாளுக்கு 100 லிட்டர் சுடுதண்ணீர் செலவழிக்கிறது, லிட்டருக்கு 300 மில்லிகிராம் இப்படிப் படியக்கூடிய சுண்ணாம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 30 கிராம். வருஷத்துக்குப் பதினொரு கிலோவை நெருங்கும். எல்லாம் படிவதில்லை, பெரும்பகுதி தண்ணீரோடு வாளிக்கு வந்துவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலே ஒரு கிலோவுக்கு மேல் கல் உள்ளே சேர்கிறது. எலெக்ட்ரீஷியன் அடித்தட்டைக் கழற்றும்போது வெள்ளைச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டுவதும், காயில் துவாரத்தில் சிக்கி வெளியே வரமறுப்பதும் இதனால்தான்.

"உப்பு பிடிச்ச கீசர் கரண்டைத் தின்னும்" என்பார்கள். இது பாதி சரி. மின்சாரக் கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு சுற்றிவளைத்தாவது தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. ஆகவே மின்கட்டணம் பயப்படும் அளவுக்கு ஏறாது. நஷ்டம் காயிலுக்கு. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூடச் சுண்ணாம்புப் படிவு கடத்தாது. சூடு வெளியேற முடியாமல் காயிலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் உறை வெடித்துவிடும். கீசருக்குள் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகிக் குமிழ் உடைகிறது என்று பொருள். கழற்றிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. கேஸ் கீசர் கதையே வேறு. அங்கே தண்ணீருக்குப் போகாத சூடு புகையோடு வெளியே போய்விடும். அங்கே கேஸ் நிஜமாகவே வீண்.

கீசருக்குள் இன்னொரு ஜீவனும் இருக்கிறது. வாங்கும்போது கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மெக்னீசியம் கம்பி. விரல் தடிமனில், டேங்குக்குள் தொங்கிக்கொண்டு, தான் அரிபட்டுப் போவதற்கென்றே வைக்கப்பட்டது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால், எது சுலபமாக எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறதோ அது அரிபடும், மற்றது தப்பிக்கும். மெக்னீசியம் கரையும் வரை இரும்பு டேங்க் துருப்பிடிக்காது. இந்த யோசனை 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்னது. கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செப்புத் தகடு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, சின்னச் சின்னத் துத்தநாக, இரும்புத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாகிக்கொண்டிருந்த வரை ஒட்டாத சிப்பியும் பாசியும் அடித்தட்டில் மண்டிவிட்டன; கப்பல் ஊர்ந்தது; கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கீசருக்குச் சிப்பி பயம் இல்லாததால் டேவி இங்கே ஜெயித்துவிட்டார்.

போர் தண்ணீரில் இந்தக் கம்பி சீக்கிரம் தீரும். வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்கிறவரிடம், "ஆனோடு ராடு எப்படி இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ள இரும்பு நரம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். புதுக் கம்பியின் விலை காயில் விலையைத் தாண்டாது. டேங்க் ஓட்டையானால் கீசரையே பழைய இரும்புக் கடைக்குத்தான் தூக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் வைத்தால் படிவும் குறையும். 75இல் கொதிக்கவைத்து, பாதி வாளி பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

சமையலறைக்கு வருவோம். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாமல் நிற்பதற்குப் பருப்பைக் குறை சொல்வது வழக்கம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டின் இழைகளுக்கு நடுவே புகுந்து இன்னும் இறுக்கிக் கட்டிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் இந்தக் கட்டு தளர்ந்து பெக்டின் கரையும். பாட்டிமார் வேதியியல் படிக்காமலே இதைச் செய்தார்கள். அதிகம் போட்டால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும் என்பதால் சிட்டிகையோடு நிறுத்துவது நல்லது. சோப்பு நுரைக்காததும் கால்சியம் செய்யும் வேலைதான். சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு அது சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகிறது. வாளியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வருவது அது. தலையில் சிக்குப் பிடிப்பதும் அதுவே.

இதற்கெல்லாம் ஆர்.ஓ. மருந்தா? குடிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான். ஆர்.ஓ.வை நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் சவ்வைச் செய்தவர்களில் ஒருவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர். 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபுடன் சேர்ந்து செல்லுலோஸ் அசிட்டேட்டில் அதை உருவாக்கினார். அதற்கு முன்பும் சவ்வுகள் இருந்தன. உப்பைத் தடுத்தன, ஆனால் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டன. மேலே மெல்லிய அடர்ந்த தோல், கீழே துளைகள் நிறைந்த தடித்த அடுக்கு என்று இவர்கள் சவ்வை அமைத்ததும் தண்ணீர் பலமடங்கு வேகமாக வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்தச் சவ்வை வைத்து ஊருக்குக் குடிநீர் கொடுத்தார்கள். அந்த ஊரின் நிலத்தடி நீர் குடிக்க முடியாத உப்பு. அங்கே அது தேவை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே போர் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கும் ஆர்.ஓ. தேவை. ஆறோ ஏரியோ தருகிற, 200 டிடிஎஸ் தண்ணீர் வரும் வீட்டுக்கு எதற்கு? கொதிக்கவைத்தாலே போதும், அல்லது யு.வி. விளக்கு உள்ள சாதாரண ஃபில்டர். 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. மெஷின்களைத் தடை செய்து விதி வகுக்கும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் விற்பனைக்காரரின் கம்பிகள் ஓயவில்லை.

வீடு முழுக்கத் தண்ணீரை மென்மையாக்க வேண்டுமானால் சாஃப்ட்னர். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் பண்டமாற்று வியாபாரிகள். சரக்குத் தீர்ந்ததும் கல்லுப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து இதை மாட்டிய அபார்ட்மெண்ட்களில் ஒரு தகராறு தவறாமல் வரும்: யாராவது டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து, "முன்னாடியும் 900, இப்பவும் 900, ஏமாத்திட்டான்" என்பார். யாரும் ஏமாற்றவில்லை. ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கிறது, மொத்தம் குறையவில்லை. சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே சரியான சோதனை.

சாஃப்ட்னருக்கு வசதி இல்லாதவர்களுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இருக்கிறது. இரண்டு கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுக்க விடலாம். காலையில் துளைகள் திறந்திருக்கும். குழாய் நுனியில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றி அதே கரைசலில் போடலாம். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாயின் குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் சேர்த்தே தின்னும். அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் தரையில் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் இதனால் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

கடைசியாக, ஆர்.ஓ. கழிவுநீர் வெளியேறும் அந்தக் கறுப்பு டியூப். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது பழைய மாடல்களில் சகஜம். உள்ளே போனது 800 டிடிஎஸ் என்றால் வெளியே வருவது ஆயிரத்தைத் தாண்டும். 60 சதவீதம் நல்ல தண்ணீர் எடுக்கும் புது மெஷின் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. ஆனால் எல்லா உப்பும் மீதி 40 சதவீதத்துக்குள் அடைபடுவதால் அந்தக் கழிவு 2,000ஐ நெருங்கும். இதைப் பிடித்து மாடித் தோட்டத்துக்கு ஊற்றுகிறவர்கள் கறிவேப்பிலை ஏன் நுனி கருகுகிறது என்று உரக் கடையில் கேட்கிறார்கள். செடிக்கு வேண்டாம். கழிப்பறைக்கு ஊற்றலாம், வாசல் தெளிக்கலாம், தரை துடைக்கலாம். கறுப்பு கிரானைட் தரை என்றால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். மேலே ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணி போட வேண்டியிருக்கும்.