கண்ணா, காதா, கையா?

கீழக்கரையில் பள்ளிக்கூடம் போகும் முன்பே குர்ஆன் ஓதத் தொடங்கிவிடும் பிள்ளைகள் ஏராளம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் "அலிஃப், பே, தே" என்று அரபி எழுத்துகளைச் சொல்லித்தர, கூடவே சொல்லிச் சொல்லி, எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே சின்னச் சின்ன சூராக்கள் (குர்ஆன் அத்தியாயங்கள்) மனப்பாடமாகிவிடும். அதே பிள்ளை எல்.கே.ஜி.யில் உட்கார்ந்து 'அ' எழுத முரண்டு பிடித்தால், "இவனுக்கு மண்டையில ஏறல" என்று உம்மா கவலைப்படத் தொடங்குகிறார். அத்தனை சூராவும் ஏறிய மண்டைதானே அது!

பிள்ளைக்குப் பிள்ளை திறமை வேறுபடும் என்பதில் சந்தேகமில்லை. அறிவு ஒன்றல்ல, பல என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடலசைவு, பிறரைப் புரிந்துகொள்ளுதல் என அவர் பட்டியல் நீளும். அதைப் பிடித்துக்கொண்டு 'இவன் பார்த்துப் படிப்பவன், இவள் கேட்டுப் படிப்பவள்' என்று முத்திரை குத்தும் வழக்கம் பரவியது. அது தன் கருத்தே அல்ல என்று கார்ட்னரே பின்னாளில் சொல்லிவிட்டார். உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008-இல் ஆய்வுகளை அலசிப் பார்த்தபோதும், அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. விரல்ரேகையை ஸ்கேன் செய்து 'பிள்ளையின் அறிவு வகை' சொல்லும் வியாபாரத்துக்கோ எந்த அடிப்படையும் கிடையாது. அந்தக் காசுக்குக் கதைப்புத்தகம் வாங்கலாம்.

வேண்டியது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தைப் பல வழிகளில் தருவது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். கண், காது, கை மூன்றுக்கும் வேலை. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவ வைத்ததும் இதே நோக்கத்தில்தான். தமிழக அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் பாட்டு, கதை, விளையாட்டு வழியே போகிறது.

கடலோர வீடுகளில் இதற்கான கருவியை வெளியே தேட வேண்டாம். பல்லாங்குழியை எடுங்கள். பதினான்கு குழி; குழிக்கு ஒன்றாகச் சோழி போட்டு நகரும்போது, ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்ற கணக்கின் முதல் பாடம் விரலில் பதிகிறது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. கொஞ்ச நாளில் பிள்ளை எண்ணாமலே, பார்த்த மாத்திரத்தில் "பசு!" என்று கத்தும். எதிரில் இருப்பவரின் ஆட்டத்துக்குக் காத்திருக்கவும் பழகும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை சோழியை வாயில் போட்டுக்கொள்ளும், கவனம்.

இன்னொன்று, அரபி வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம். பிள்ளை குழம்புமோ என்று பயப்பட வேண்டாம். மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19-ஆம் நூற்றாண்டில், அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் எழுதிய ஊர் கீழக்கரை. இரண்டு எழுத்துமுறை இங்கே புதிதல்ல. சின்ன வயதில் எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவது ஒரே மொழி படிக்கும் பிள்ளைகளிடமும் சகஜம்தான். அடித்துத் திருத்த வேண்டாம். ஓதிப் பழகிய காதுக்குத் தமிழையும் முதலில் பாட்டாகக் கொடுங்கள். பென்சில் அப்புறம் வரட்டும்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது, "எப்ப எழுத வைப்பீங்க?" என்று கேட்காதீர்கள். "ஒரு நாள்ல எவ்வளவு நேரம் விளையாட விடுவீங்க?" என்று டீச்சரிடம் கேளுங்கள்.