நகலெடுத்த வரி எங்கே போனது?

ஒரு பத்தியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டுகிறோம். அதற்குப் பதிலாக எப்போதோ நகலெடுத்த வேறொரு வரி வந்து விழுகிறது. லினக்ஸ் கணினியின் டெர்மினலில் ‘விம்’ என்னும் உரைத் தொகுப்பானைப் பழகத் தொடங்குவோர் பலரும் சந்திக்கும் புதிர் இது. தவறு பயனருடையது அன்று. இரு கிடங்குகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதே காரணம்.

விம்மின் முன்னோடியான ‘விஐ’யை 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கினார். அன்றைய முனையங்களில் எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. செயலிகளுக்குப் பொதுவான கிளிப்போர்டு என்ற ஒன்று இல்லை. எனவே, நகலெடுத்த உரையை அந்தத் தொகுப்பான் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1991-இல் பிராம் மூலினார் வெளியிட்ட விம்மும் அம்மரபையே பின்பற்றியது. அதன் ‘ரெஜிஸ்டர்’கள் உள்நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் போன்றவை.

செலாவணி மாற்றத்துக்கும் விம்மில் வழி உண்டு. நகலெடுக்கும் கட்டளைக்கு முன் இரட்டை மேற்கோள் குறியையும் கூட்டல் குறியையும் தட்டினால், உரை கணினியின் கிளிப்போர்டுக்குச் செல்லும். ஒவ்வொரு முறையும் தட்ட விரும்பாதோர், அமைப்புக் கோப்பில் ‘கிளிப்போர்டு’ என்னும் விருப்பத்துக்கு ‘அன்நேம்டுபிளஸ்’ என்று மதிப்பளித்தால் போதும். ஆனால், விம் அவ்வசதியுடன் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். டெபியன் போன்ற வெளியீடுகளில் அடிப்படை விம் பொதுவாக அது இல்லாமலே வருகிறது. ‘விம்-ஜிடிகே3’ தொகுப்பை நிறுவினால் குறை தீரும். நியோவிம் இப்பணியை ‘எக்ஸ்கிளிப்’, ‘டபிள்யூஎல்-காப்பி’ போன்ற துணைக் கருவிகளிடம் ஒப்படைக்கிறது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. லினக்ஸின் ‘எக்ஸ்11’ சாளர முறையில் கிளிப்போர்டு என்பது பொருளைச் சேமிக்கும் பெட்டகம் அன்று. அது ஒரு வாக்குறுதிச் சீட்டு. நகலெடுத்த செயலி உரையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, யாரேனும் ஒட்டும்போதுதான் கொடுக்கிறது. இடையில் அச்செயலியை மூடிவிட்டால், சீட்டுக்கு உரியவர் இல்லாமற்போகிறார், உரையும் மறைகிறது. கிளிப்போர்டு மேலாளர் என்னும் மென்பொருள் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்வதால் இந்த இழப்பைத் தடுக்கிறது.

தொலைவிலுள்ள கணினியில் பணிபுரிவோருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கு இயங்கும் தொகுப்பானுக்கு நம் மேசைக் கணினியின் கிளிப்போர்டு தெரியாது. ‘ஓஎஸ்சி 52’ என்னும் குறியீட்டு வரிசை இந்த இடைவெளியை நிரப்புகிறது: தொகுப்பான் அனுப்பும் உரையை நம் டெர்மினல் வாங்கிக் கிளிப்போர்டில் இடுகிறது. எதிர்த்திசையில் மட்டும் எச்சரிக்கை தேவை. நாம் சற்றுமுன் நகலெடுத்த கடவுச்சொல்லும் கிளிப்போர்டில் இருக்கக்கூடும். அதைத் தொலைக்கணினி படித்துவிடலாகாது. எனவேதான், பல டெர்மினல்கள் எழுத இசைந்தாலும் படிக்க விடுவதில்லை.

எல்லைகளைத் திறப்பதால் வணிகம் வளர்கிறது என்பது உண்மை. ஆயினும், எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும். கிளிப்போர்டை இணைக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.