மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டில் அமைப்புகளின் கூட்டுப்பணி

44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. இந்தியாவில் நடந்த முதல் சதுரங்க ஒலிம்பியாட் இதுவே. ரஷ்யாவில் நடக்கவிருந்த இப்போட்டி, அந்நாடு 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்ததால் இடம் மாற்றப்பட்டது. ஆயத்தப் பணிகளுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களே இருந்தன.

பணிப் பகிர்வு

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே): போட்டி உரிமை, விதிகள், நடுவர்கள்.
அனைத்திந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு: போட்டியை இந்தியாவுக்குக் கொண்டுவருதல், இந்திய அணிகள்.
தமிழ்நாடு அரசு: நிதி, அரங்கம், தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு.

விளையாட்டு அமைப்புகளிடம் துறையறிவு உண்டு. இவ்வளவு பணமும் ஆள்பலமும் இல்லை. அரசிடம் அவை உண்டு; போட்டி நடத்தும் நுட்பம் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பியதால், பொதுப் பிரிவில் மட்டும் 180க்கு மேற்பட்ட அணிகள் விளையாட முடிந்தது. இந்தியா பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் வெண்கலம் வென்றது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம் பெற்றார்.

இத்தகைய கூட்டணி போட்டி முடிந்ததும் கலைந்துவிடக்கூடியது. போட்டிக்கு முன் அரசுப் பள்ளிகளிலும் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. அப்பலகைகள் தொடர்ந்து விரிக்கப்படுகின்றனவா என்பதே இக்கூட்டுப்பணியின் நிலைத்த பயனை அளக்கும் அளவுகோல்.